எவ்ரிஒன் என்றால் ஹிஸ்ஸா, தெயரா? ஆங்கிலப் புரோனவுன் சந்தேகங்கள்

தொண்டி வாசகி

எல்லோருக்கும் ஸலாம், வணக்கம். மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. பரீட்சைக்குப் படிக்கிறேன். ஆங்கிலத்தில் பிழை கண்டுபிடிக்கும் கேள்விகளில் புரோனவுன் வருகிற இடம் மட்டும் பிடிபட மாட்டேன் என்கிறது. பயிற்சித்தாளில் ஒரு வாக்கியம்: "எவ்ரிஒன் மஸ்ட் பிரிங் தெயர் ஹால் டிக்கெட்." இதில் "தெயர்" தப்பு, "ஹிஸ்" என்று வர வேண்டும் என்கிறது விடைக்குறிப்பு. ஆனால் ஆங்கிலப் பேப்பரிலும் போனில் வருகிற அறிவிப்பிலும் எங்கே பார்த்தாலும் "தெயர்"தான் இருக்கிறது.

இன்னும் இரண்டு சந்தேகம். "நெய்தர் தி ஓனர் நார் தி ஒர்க்கர்ஸ்" என்று ஆரம்பித்தால் பின்னால் ஹிஸ்ஸா, தெயரா? "ஒன் ஆஃப் தி ஃபிஷர்மென் ஹூ" என்று வந்தால்?

விடை மட்டும் போதாது, காரணமும் சொல்லுங்கள். காரணம் புரியாமல் மனப்பாடம் செய்தது பரீட்சை ஹாலில் கைகொடுப்பதில்லை.

மண்டபம் வாத்தியார்

நல்ல கேள்வி அம்மா. அடியிலிருந்து போவோம்.

புரோனவுன் தனியாக நிற்காது. முன்னால் வந்த ஒரு பெயருக்குப் பதிலாக நிற்கும். அந்த முன்பெயரைத்தான் ஆன்டிசிடென்ட் என்கிறார்கள். எண், இடம், பால் மூன்றிலும் புரோனவுன் அந்த முன்பெயரோடு ஒத்துப்போக வேண்டும். விதி இவ்வளவுதான். எது முன்பெயர் என்று கண்டுபிடிப்பதில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது.

"ஈச் ஆஃப் தி போட்ஸ் ஹேஸ் லாஸ்ட் இட்ஸ் ஆங்கர்." இங்கே "போட்ஸ்" காதில் ஓங்கி ஒலிப்பதால் பிள்ளைகள் "தெயர்" என்று எழுதிவிடுகிறார்கள். தலைமைச் சொல் "ஈச்". "ஆஃப் தி போட்ஸ்" அதைத் தொடர்ந்து வந்த விளக்கம். ஈச், எவ்ரி, எய்தர், நெய்தர், எவ்ரிஒன், எனிபடி, நோபடி எல்லாம் ஒருமை. "மெனி எ ஃபிஷர்மேன்" என்பதும் ஒருமை. பொருளில் பலரைச் சொன்னாலும் வடிவம் ஒருமை, வினையும் "ஹேஸ்"தான்.

நம் பிள்ளைகளுக்கு இது தடுமாற ஒரு காரணம் உண்டு. தமிழில் "ஒவ்வொரு மீனவரும் தங்கள் வலையை எடுத்துக்கொண்டு போனார்கள்" என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். "ஒவ்வொரு" என்று தொடங்கி, "தங்கள்" என்று தொடர்ந்து, "போனார்கள்" என்று முடிக்கிறோம். அந்தப் பழக்கம் ஆங்கிலத்துக்குள்ளும் வந்துவிடுகிறது.

"அண்ட்" போட்டு இருவரைச் சேர்த்தால் பன்மை. ஆனால் "தி ஓனர் அண்ட் டிரைவர் ஹேஸ் லாஸ்ட் ஹிஸ் லைசன்ஸ்" என்றால் ஓனரும் டிரைவரும் ஒரே ஆள். "தி ஓனர் அண்ட் தி டிரைவர் ஹேவ் லாஸ்ட் தெயர் லைசன்ஸஸ்" என்றால் இரண்டு ஆள். இரண்டாவது "தி" ஆளை இரண்டாக்கிவிடுகிறது. "எவ்ரி போட் அண்ட் எவ்ரி ராஃப்ட் ஹேஸ் இட்ஸ் ஓன் நம்பர்" என்பதில் "எவ்ரி" முன்னால் நிற்பதால் "அண்ட்" இருந்தும் ஒருமை. "அலாங் வித்", "அஸ் வெல் அஸ்" இரண்டும் ஆளைக் கூட்டுவதில்லை: "தி ஓனர், அலாங் வித் தி ஒர்க்கர்ஸ், ஹேஸ் சைன்ட் ஹிஸ் நேம்."

"ஆர்", "நார்" வந்தால் பக்கத்தில் இருக்கிற பெயரைப் பார். "நெய்தர் தி ஓனர் நார் தி ஒர்க்கர்ஸ் ஹேவ் காட் தெயர் மணி" சரி. திருப்பிப் போட்டு, ஒர்க்கர்ஸை முன்னால் வைத்து ஓனரைக் கடைசியில் வைத்தால் விதிப்படி "ஹேஸ்... ஹிஸ்" என்று வரும். அப்போது ஒர்க்கர்ஸுக்கும் ஓனருடைய பணமே வரவில்லை என்பது போலக் கேட்கும். ஆகவே பன்மையைக் கடைசியில் வைத்து எழுது.

"எவ்ரிஒன்" ஒருமை. ஆகவே "ஹிஸ்". உன் விடைக்குறிப்பு சரி.

பாம்பன் மனு

வாத்தியார் ஐயா சொன்னதெல்லாம் சரி. நான் வேறொரு பக்கத்திலிருந்து சொல்கிறேன். எங்கள் பக்கத்து நாட்டுப்படகு, விசைப்படகு ஆட்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறவன் நான். மீன்துறைக்கு, கலெக்டர் ஆபீஸுக்குத் தமிழில் எழுதினால் போதும். இன்சூரன்ஸுக்கும், இலங்கையில் பிடிபட்ட படகு பற்றி டெல்லிக்கு எழுதும்போதும் ஆங்கிலம் வேண்டும். அங்கே ஒருமை பன்மை எல்லாம் ஒத்துப்போயும் மனு கெட்டுப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

வாடைக் காலத்தில் வடக்குக் கடலில் கட்டியிருக்கும் படகுகள் நங்கூரக் கயிறு அறுந்து ஒன்றோடு ஒன்று மோதும். அதற்கு ஒருவர் எழுதிக்கொண்டு வந்த வாக்கியம்: "மை போட் ஹிட் அனதர் போட் அண்ட் இட் வாஸ் டேமேஜ்ட்." இலக்கணத்தில் குற்றமில்லை. "போட்" ஒருமை, "இட்" ஒருமை. ஆனால் உடைந்தது எந்தப் படகு? இவருடையதா, மற்றவருடையதா? இவர் நஷ்டஈடு கேட்கிறாரா, அடுத்தவர் படகை உடைத்ததை ஒப்புக்கொள்கிறாரா? ஒரே வாக்கியம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. எண்ணில் ஒத்துப்போகிற முன்பெயர் இரண்டு இருந்தால் விதியால் நமக்கு உதவ முடியாது. "மை போட் வாஸ் டேமேஜ்ட் வென் இட் ஹிட் அனதர் போட்" என்று திருப்பிப் போட்டுக் கொடுத்தேன். இப்போது "இட்" வருகிற இடத்தில் முன்னால் இருப்பது ஒரே படகு.

இன்னொன்று. "தி டிரைவர் டோல்ட் தி ஓனர் தட் ஹிஸ் லைசன்ஸ் ஹேட் எக்ஸ்பயர்ட்." யாருடைய லைசன்ஸ்? தமிழில் இந்தச் சந்தேகமே வராது. "டிரைவர் தன் லைசன்ஸ் முடிந்துவிட்டதாக ஓனரிடம் சொன்னார்" என்றால் டிரைவருடையது. "தன்" என்பது எழுவாயைத் திரும்பிப் பார்க்கும். ஆங்கிலத்தில் "ஹிஸ்" யாரை வேண்டுமானாலும் பார்க்கும். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்குத் தாங்கள் எழுதியது தெளிவாக இருக்கிறது என்றே தோன்றும். மனதுக்குள் அது "தன்" என்று ஓடுகிறது, தாளில் "ஹிஸ்" என்று விழுகிறது. படிக்கிற அதிகாரிக்குத் தாள் மட்டும்தான் தெரியும்.

அதனால் என் பழக்கம்: மனுவில் இரண்டு ஆண்கள் வந்துவிட்டால் "ஹி", "ஹிஸ்" இரண்டையும் கூடுமானவரை விட்டுவிடுவேன். "தி ஓனர்ஸ் லைசன்ஸ்", "தி டிரைவர்ஸ் லைசன்ஸ்" என்று பெயரையே திரும்பச் சொல்வேன். கேட்க அலுப்பாக இருக்கும். ஆனால் ஒருவர் பிடிபட்டுச் சிறையில் இருக்கும்போது, படகு யாருடையது, ஓட்டியவர் யார் என்பதில் ஒரு எழுத்துகூடச் சந்தேகமாக இருக்கக் கூடாது. படகு இல்லாமல் அந்தக் குடும்பம் எத்தனை மாதம் காத்திருக்கும் என்பது இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும்.

தங்கச்சிக்குப் பரீட்சை. ஆனாலும் வாக்கியத்தைப் பார்த்ததும் ஒருமையா பன்மையா என்று தேடுவதற்கு முன் "யாரை?" என்று கேட்டுப் பழகு.

தொண்டி வாசகி

அண்ணே, அந்த "இட்" உதாரணம் நன்றாகப் புரிந்தது. இப்படி யாரும் சொல்லித் தரவில்லை.

தங்கச்சிமடம் டீச்சர்

வாத்தியார் சாருக்கு மரியாதையோடு ஒரு மறுப்பு.

"எவ்ரிஒன்" ஒருமை, சரி. அதனால் "ஹிஸ்" என்று எப்படி வந்தது? எண் ஒத்துப்போக வேண்டும் என்று சொன்ன அதே விதி பாலும் ஒத்துப்போக வேண்டும் என்கிறது. "எவ்ரிஒன்" என்பதில் பெண்ணும் இருக்கிறாள். "ஹிஸ்" போட்டால் எண் பொருந்துகிறது, பால் தவறுகிறது. "தெயர்" போட்டால் பால் பொருந்துகிறது, எண் தவறுகிறது. எதை விட்டுக்கொடுப்பது என்பதுதான் உண்மையான கேள்வி. ஒன்றைத் தவறு என்றும் மற்றதைச் சரி என்றும் குழந்தைகளுக்குச் சொல்வது பாதி உண்மை.

என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அம்மாக்கள் தீவுப் பக்கம் போய்ப் பாசி எடுக்கிறவர்கள். கையில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கிப் பாறையில் இருந்து பாசியைப் பறித்து வருகிற வேலை. எங்கள் பக்கம் இது பெண்களின் வேலை. அந்தப் பிள்ளைகளிடம் "எவ்ரி சீவீட் கலெக்டர் மஸ்ட் கேரி ஹிஸ் கார்ட்" என்று போர்டில் எழுதினால், "டீச்சர், யாரோட அப்பா?" என்று கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். கண்ணால் பார்ப்பதற்கு எதிரான வாக்கியத்தை இலக்கணம் என்று நான் எப்படி எழுதுவேன்?

"ஹிஸ் ஆர் ஹெர்" என்று எழுதலாம், தவறில்லை. ஒரு வாக்கியத்தில் ஒருமுறை வந்தால் படிக்கலாம், நான்கு முறை வந்தால் மூச்சு முட்டும். நான் பிள்ளைகளுக்குச் சொல்வது: வாக்கியத்தையே பன்மையாக்கு. "ஆல் சீவீட் கலெக்டர்ஸ் மஸ்ட் கேரி தெயர் கார்ட்ஸ்." எண்ணும் பொருந்தும், பாலும் பொருந்தும்.

மண்டபம் வாத்தியார்

டீச்சர், உங்கள் மறுப்பை மதிக்கிறேன். ஆனால் "ஹி" பொதுவாக இருபாலுக்கும் நிற்கும் என்பது வாத்தியார்கள் கட்டியது அல்ல. சட்டத்திலேயே இருக்கிறது. 1897-ஆம் ஆண்டின் பொது உட்கூறுகள் சட்டம் (ஜெனரல் கிளாஸஸ் ஆக்ட்), 13-ஆம் பிரிவு: ஆண்பாலைக் குறிக்கும் சொற்கள் பெண்களையும் உள்ளடக்கும், ஒருமை பன்மையையும் உள்ளடக்கும். 1860-இன் இந்திய தண்டனைச் சட்டம் 8-ஆம் பிரிவிலும் "ஹி" என்ற புரோனவுன் ஆண் பெண் யாருக்கும் பொருந்தும் என்று இருந்தது. அதற்குமுன் 1850-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றமும் இப்படி ஒரு சட்டம் செய்தது. மத்திய அரசுத் தேர்வுத்தாள் அந்த வழியில் வந்தது. பரீட்சை எழுதுகிற பெண்ணுக்கு நாம் முதலில் மார்க் கிடைக்கும் வழியைச் சொல்ல வேண்டும்.

தங்கச்சிமடம் டீச்சர்

அந்தச் சட்டங்களே என் பக்கம் பேசுகின்றன சார். "ஹி" இயல்பாகவே பெண்ணையும் குறிக்கும் என்றால் அதற்குத் தனியாக ஒரு பிரிவு எதற்கு? "போட்" என்றால் படகு என்று யாரும் சட்டம் போடவில்லையே. 2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவைப் பாருங்கள். "ஹி" ஆண், பெண், திருநங்கை, திருநம்பி யாருக்கும் பொருந்தும் என்று வரையறையை விரித்திருக்கிறார்கள். சொல் தானாக எல்லோரையும் அணைத்துக்கொள்ளவில்லை, ஒவ்வொரு முறையும் எழுதித்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது.

கீழக்கரை காக்கா

துபாயில் ஆபீஸ் வேலை, நாள் முழுக்க ஆங்கிலக் கடிதம்தான். கூடவே இந்த மொழியின் வரலாறு படிப்பதில் ஆசை. தங்கச்சி, "எவ்ரிஒன்... தெயர்" என்பது நேற்று போனில் பிறந்தது என்று நினைத்துவிடாதே. ஒருமைப் பொருளில் "தே" வருவதற்கு ஆக்ஸ்ஃபோர்டு அகராதி காட்டுகிற முதல் சான்று 1375-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆங்கிலத்துக்கு முறையான இலக்கண நூல் எழுதத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பு. "அது தவறு, ஹி-தான் சரி" என்பது பதினெட்டாம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள் பரப்பியது. பேசுகிற மக்கள் ஒருநாளும் நிறுத்தவில்லை.

வாத்தியார் சார் மறுக்க முடியாத ஒரு இடம் காட்டுகிறேன். டாக் கேள்வி, அதாவது வாக்கியத்தின் கடைசியில் "இல்லையா?" என்று ஒட்டுகிற சின்னக் கேள்வி. "எவ்ரிஒன் ஹேஸ் கம்" என்பதற்கு டாக் என்ன? "ஹேவன்ட் தே?" என்றுதான் எல்லாப் பாடப் புத்தகமும் சொல்லும். "ஹேஸன்ட் ஹி?" என்று எழுதினால் அதே எஸ்.எஸ்.சி.யில் மார்க் போகும். அரை வாக்கியத்தில் "ஹேஸ்", அடுத்த அரையில் "தே". கடுமையான வாத்தியாரும் இங்கே பன்மையை ஏற்கிறார்.

இன்னொரு வாக்கியம்: "எவ்ரிஒன் லெஃப்ட் பிஃபோர் ஐ குட் தேங்க் தெம்." இதில் "ஹிம்" போட்டுப் படித்துப் பாருங்கள். எல்லோரும் போய்விட்டார்கள், ஆனால் நன்றி சொல்ல வேண்டியிருந்தது எவனோ ஒருவனுக்கு என்று ஆகிவிடும். விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்தால் வாக்கியம் பொய் சொல்லிவிடும்.

"யூ"வையும் யோசித்துப் பாருங்கள். அது பன்மைக்கும் மரியாதைக்கும் மட்டும் இருந்த சொல். ஒருமைக்கு "தௌ" இருந்தது. இன்று ஒரே ஆளைப் பார்த்து "யூ ஆர்" என்கிறோம். வினை இன்னும் பன்மை வினைதான், யாரும் பிழை என்று வட்டம் போடுவதில்லை. 2019-இல் அமெரிக்க உளவியல் சங்கம் தன் எழுத்துக் கையேட்டின் ஏழாம் பதிப்பில் ஒருமை "தே"யை முறைப்படி ஏற்றது. மெரியம் வெப்ஸ்டர் அகராதி அந்த ஆண்டின் சொல்லாக "தே"யைத் தேர்ந்தெடுத்தது. என் ஆபீஸில் யாருக்காவது "ஈச் எம்ப்ளாயீ மஸ்ட் சப்மிட் ஹிஸ் பாஸ்போர்ட்" என்று கடிதம் போனால், பெண்கள் தங்களுக்கு இல்லை என்று விட்டுவிடுகிற அபாயமே இருக்கிறது.

சேதுக்கரை

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். காக்கா "யூ" பற்றிச் சொன்னதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் தமிழ் படித்தவன். இந்தச் சிக்கலை நம் ஆட்கள் முன்பே பார்த்துத் தீர்ப்பும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் முதல் இயல் கிளவியாக்கம். சொற்கள் திணையிலும் பாலிலும் ஒத்துப்போவது எப்படி என்பதுதான் அந்த இயலின் பெரும்பகுதி. அதில் ஒரு நூற்பா: "பால்மயக் குற்ற ஐயக் கிளவி, தான்அறி பொருள்வயின் பன்மை கூறல்." தூரத்தில் ஒருவர் வருகிறார். மனிதர் என்று தெரிகிறது, ஆணா பெண்ணா தெரியவில்லை. அப்போது என்ன வினை போடுவது? பன்மை போடு என்கிறார். உரைகாரர்கள் "ஒருவன்கொல்லோ ஒருத்திகொல்லோ தோன்றுவார்" என்று உதாரணம் காட்டுகிறார்கள். வருவது ஒரே ஆள் என்று தெரிந்தும் "தோன்றுவார்". பால் தெரியாத இடத்தில் எண்ணை விட்டுக்கொடு, பாலில் தவறாதே. டீச்சர் கேட்டது இதைத்தான்.

அதே இயலில் இன்னொன்று: "ஒருவரைக் கூறும் பன்மைக் கிளவியும், ஒன்றனைக் கூறும் பன்மைக் கிளவியும், வழக்கின் ஆகிய உயர்சொற் கிளவி, இலக்கண மருங்கின் சொல்லாறு அல்ல." ஒரே ஆளை மரியாதைக்காகப் பன்மையில் சொல்வது வழக்கில் இருக்கிறது, இலக்கணத்தின் நேர்வழி அது அல்ல. இதில் நான் வியப்பது அந்த நேர்மையை. விதிக்குள் வராது என்பதையும் சொல்கிறார், மக்கள் அப்படிப் பேசுகிறார்கள் என்பதையும் மறைக்கவில்லை. வழு என்று தள்ளாமல் வழுவமைதி என்று ஏற்றுக்கொண்ட மரபு நம்முடையது. அந்தப் பன்மை "அவர்" இன்று முழுக்க ஒருமையாகிவிட்டது. பன்மைக்கு "அவர்கள்" என்று இன்னொன்று வேண்டியதாயிற்று. மரியாதை காரணமாகப் பன்மை ஒருமைக்குள் இறங்குவது "யூ" வந்த வழியேதான்.

ஒரு வேறுபாட்டைச் சொல்லாவிட்டால் அநியாயம். தொல்காப்பியர் பேசுவது கண்ணெதிரே வருகிற ஒரு ஆளைப் பற்றிய ஐயம். "எவ்ரிஒன்" என்பது எதிரே இருக்கிற ஆள் அல்ல, கூட்டத்தைத் தனித்தனியாக எண்ணுவது. இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் எண்ணும் பாலும் மோதும்போது எதைக் காப்பது என்ற முடிவு ஒன்றாக இருக்கிறது.

ஆங்கிலத்தில் இவ்வளவு கவனமாக இருக்கிற நாம் தமிழில் "மீனவர்கள் தனது படகுகளை" என்று எழுதுகிறோம். பத்திரிகையில் தினமும் பார்க்கிறேன், மனம் வலிக்கிறது. தான், தன், தனது ஒருமை. தாம், தம், தமது, தங்கள் பன்மை. "மீனவர்கள் தங்கள் படகுகளை." பாம்பன் அண்ணன் தமிழ் மனுவிலும் இதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பாம்பன் மனு

கட்டாயம் பார்க்கிறேன் ஐயா. அந்த "தோன்றுவார்" உதாரணத்தை எழுதி வைத்துக்கொண்டேன். கடலில் தூரத்துப் படகில் நிற்கிறவரைப் பார்த்து நாங்களும் "யாரோ நிக்கிறாரு"ன்னுதான் சொல்வோம்.

மண்டபம் வாத்தியார்

சேதுக்கரை ஐயா, அந்த நூற்பாவை நான் படித்ததுண்டு. ஆங்கில வகுப்போடு சேர்த்துப் பார்த்ததில்லை. பேச்சிலும் கடிதத்திலும் "எவ்ரிஒன்... தெயர்" வரட்டும், டாக் கேள்வி வாதத்துக்கு என்னிடம் மறுமொழி இல்லை. பரீட்சைத்தாளைப் பொறுத்தவரை என் கருத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன். விடைக்குறிப்பு தயாரிப்பவர்கள் பழைய விதியை வைத்துத் தயாரித்தால், வாதாடி ஜெயிக்கப் பரீட்சை ஹாலில் இடமில்லை.

தங்கச்சிமடம் டீச்சர்

பரீட்சைக்கு நானும் சாரோடு ஒத்துப்போகிறேன். தங்கச்சி, பிழை கண்டுபிடிக்கும் கேள்வியில் "தெயர்" என்றதும் பாயாதே. முதலில் மற்றப் பகுதிகளைப் பார். வினை, காலம், ஆர்ட்டிகிள், பிரிபோசிஷன் எதிலாவது சந்தேகமில்லாத பிழை இருக்கிறதா? இருந்தால் அதுதான் விடை. வேறெங்கும் பிழையே இல்லாமல், "ஈச்", "எவ்ரி" போன்ற சொல்லுக்குப் பின்னால் "தெயர்" மட்டும் நின்றால், கேட்டவர் அதைத்தான் குறிவைத்திருக்கிறார். திருத்தும் கேள்வியில் "ஹிஸ் ஆர் ஹெர்" கொடுத்திருந்தால் அதை எடு. இல்லையென்றால் "ஹிஸ்".

முன்பெயர் பொருளாக இருந்தால் இந்தத் தகராறே கிடையாது. "ஈச் ஆஃப் தி நெட்ஸ் ஹேஸ் இட்ஸ் ஃப்ளோட்ஸ்" என்பதில் "தெயர்" எல்லா ஊரிலும் பிழைதான். ஆணா பெண்ணா என்ற ஐயத்துக்கு இடமில்லாததால் சலுகையும் இல்லை. மகளிர் குழு ஒன்றைப் பற்றிப் பேசும்போது "ஈச் ஆஃப் தி விமென் ஹேஸ் ஹெர் ஓன் போட்" என்றால் "ஹெர்"தான், யோசிக்கவே வேண்டாம்.

தொண்டி வாசகி

டீச்சர் அக்கா, இது எனக்கு ரொம்ப உதவும். காக்கா, டாக் கேள்வியை என் தோழிகளுக்கும் அனுப்பிவிட்டேன். "ஒன் ஆஃப் தி ஃபிஷர்மென் ஹூ" மட்டும் பாக்கி.

மண்டபம் வாத்தியார்

அதற்கு வருகிறேன். முதலில் கேட்டதற்கே நான் பதில் எழுதியிருக்க வேண்டும், அதற்குள் ஹிஸ், தெயர் என்று பேச்சு எங்கோ போய்விட்டது.

"ஹி இஸ் ஒன் ஆஃப் தி ஃபிஷர்மென் ஹூ ஹேவ் லாஸ்ட் தெயர் நெட்ஸ்." பல மீனவர்கள் வலையை இழந்திருக்கிறார்கள், இவர் அவர்களில் ஒருவர். "ஹூ" யாரைப் பார்க்கிறது? பக்கத்தில் இருக்கிற "ஃபிஷர்மென்" என்பதை. ஆகவே "ஹேவ்", "தெயர்", "நெட்ஸ்" மூன்றும் பன்மை.

"ஹி இஸ் தி ஒன்லி ஒன் ஆஃப் தி ஃபிஷர்மென் ஹூ ஹேஸ் லாஸ்ட் ஹிஸ் நெட்." இங்கே வலையை இழந்தது ஒரே ஒருவர். "தி ஒன்லி" வந்ததும் "ஹூ" திரும்பி "ஒன்" என்பதைப் பார்க்கிறது. மூன்றும் ஒருமையாகிவிடும்.

"ஒன் ஆஃப் தி ஃபிஷர்மென் ஹேஸ் லாஸ்ட் ஹிஸ் நெட்" என்பது வேறு. அதில் "ஹூ" இல்லை. எழுவாய் "ஒன்", அதனால் ஒருமை. இந்த மூன்றையும் ஒரே தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, வலையை இழந்தவர் எத்தனை பேர் என்று மட்டும் கேட்டுக்கொள். தேர்வில் மிகுதியாகப் பிள்ளைகள் தவறுவது இதில்தான், "எவ்ரிஒன்" பக்கத்தில்கூட வராது.

பாம்பன் மனு

ஐயா, எனக்கும் ஒரு சந்தேகம். "க்ரூ" என்று எழுதும்போது "இட்ஸ்" போடுவதா "தெயர்" போடுவதா? "தி க்ரூ லாஸ்ட் தெயர் லைவ்ஸ்" என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தது.

கீழக்கரை காக்கா

அது சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள் அண்ணே. உயிர் தனித்தனியாகத்தான் போகும். "இட்ஸ் லைஃப்" என்று எழுதினால் மனிதர்களைப் பற்றிப் பேசுவது போலவே இராது. கூட்டப்பெயர் ஒரே உடலாகச் செயல்பட்டால் "இட்ஸ்", உறுப்பினர்கள் தனித்தனியாக எதையாவது செய்தால், பட்டால் "தெயர்". "தி கமிட்டி ஹேஸ் கிவன் இட்ஸ் ரிப்போர்ட்" என்றால் ஒரே அறிக்கை. அமெரிக்கர்கள் பெரும்பாலும் ஒருமையாகவே வைப்பார்கள், பிரிட்டிஷ்காரர்கள் இரண்டும் எழுதுவார்கள். எதை எடுத்தாலும் ஒரே வாக்கியத்தில் "தி க்ரூ ஹேஸ்" என்று தொடங்கி "தெயர்" என்று முடிக்காதீர்கள். சந்தேகம் வந்தால் "க்ரூ மெம்பர்ஸ்" என்று எழுதிவிடுங்கள், பன்மை உறுதி. "போலீஸ்" மட்டும் எப்போதும் பன்மை: "தி போலீஸ் ஹேவ் கிவன் தெயர் ரிப்போர்ட்."

படகுக்கு "ஷி" போடலாமா என்று ஒருமுறை கேட்டீர்களே, அதற்கும் சொல்லிவிடுகிறேன். கப்பலைப் பெண்ணாகச் சொல்வது ஆங்கிலத்தில் பழைய மரபு, பிரிட்டிஷ் கடற்படையில் இன்னும் இருக்கிறது. ஆனால் லண்டனின் பழைமையான கப்பல் செய்தித்தாள் லாய்ட்ஸ் லிஸ்ட்டே 2002-இல் "இட்" என்று மாறிவிட்டது. மனுவில் "இட்", "இட்ஸ்" போதும்.

தொண்டி வாசகி

கடைசியாக ஒன்று. இன்று செய்த தாளில் "தி விமென் ஈச் ஹேவ் தெயர் ஓன் பேக்ஸ்" என்று இருந்தது. "ஈச்" இருப்பதால் பிழை என்று நினைத்தேன். விடை "பிழை இல்லை" என்கிறது. இதில் "ஈச்" இருந்தும் "தெயர்" எப்படி?

தங்கச்சிமடம் டீச்சர்

"ஈச்" எங்கே நிற்கிறது என்று பார். "ஈச் ஆஃப் தி விமென்" என்றால் "ஈச்" எழுவாய். இங்கே எழுவாய் "தி விமென்", அது பன்மை. "ஈச்" அதற்குப் பின்னால் வந்து தனித்தனியாக என்று மட்டும் சொல்கிறது, வினையைத் தொடுவதில்லை. அதனால் "ஹேவ்", அதனால் "தெயர்". இரண்டு வாக்கியத்துக்கும் அர்த்தம் ஒன்று, எழுவாய் வேறு. இதே மாதிரி "தி போட்ஸ்", "தி சில்ட்ரன்", "வீ" மூன்றையும் வைத்து இரண்டு வடிவத்திலும் நீயே எழுதிப் போடு, பார்க்கிறேன். "வீ" வரும்போது கவனம்: "வீ ஈச் ஹேவ் அவர் ஓன் பேக்ஸ்", ஆனால் "ஈச் ஆஃப் அஸ் ஹேஸ்" என்று தொடங்கினால் தேர்வில் "ஹிஸ் ஆர் ஹெர்" என்றுதான் எதிர்பார்ப்பார்கள், "நம்முடைய" என்று பொருள்படும் ஆங்கில "அவர்" அல்ல.